கியர் பைக் பழகுவது எப்படி? கிளப்புவதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

அக்கா மகன், சித்தப்பா மகள், எதிர்வீட்டுப் பையன் என்று இதுவரை ஏழெட்டுப் பேருக்குக் கியர் வண்டி பழக்கிவிட்டிருக்கிறேன். எல்லாரும் தடுமாறியது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான். பழக்கிவிடுகிறவர் சாவியைக் கொடுத்து, "ஃபர்ஸ்ட் கியர் போடு, கிளட்ச்ச மெதுவா விடு, ஆக்சிலேட்டர் குடு" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார். வண்டி கிளம்பிவிடும். அதை எப்படி நிறுத்துவது என்று அதுவரை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால் கீழே வரும் வரிசையை மாற்றாதீர்கள். பதினெட்டு வயது ஆகி, சைக்கிள் ஓட்டத் தெரிந்து, கியர் வண்டியை இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தினம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ரோட்டுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். "ரெண்டே நாள்ல கத்துக்கிட்டேன்" என்று சொல்கிற நண்பன் எல்லா ஊரிலும் இருப்பான். அவன் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

1. சைக்கிளில் ஒரு சோதனை

பைக்கில் ஏறுவதற்கு முன் சைக்கிளில் மூன்று விஷயம் செய்து பாருங்கள். நடக்கிறவர் வேகத்துக்குச் சைக்கிளை ஓட்டி, கால் ஊன்றாமல் முப்பது அடி போக வேண்டும். நேராகப் போய்க்கொண்டே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும், அப்போது ஹேண்டில்பார் அந்தப் பக்கம் இழுக்கக் கூடாது. அப்புறம் ஒரு கையை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும்.

இந்த மூன்றும் வந்துவிட்டால் பேலன்ஸ் பிரச்சினை முடிந்தது, பைக்கில் உங்கள் முழுக் கவனமும் கைக்கும் காலுக்கும் கிடைக்கும். வராவிட்டால் ஒரு வாரம் சைக்கிளிலேயே சுற்றுங்கள். பேலன்ஸையும் கிளட்ச்சையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும்.

2. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கைக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம்

கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் உரிமம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது 50 சி.சி.க்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். வீட்டில் நிற்கும் ஸ்கூட்டர் பெரும்பாலும் 110 அல்லது 125 சி.சி.யாகத்தான் இருக்கும், அதற்கு அந்த உரிமம் செல்லாது.

வயது வராத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. கடைசியாகச் சொன்னதுதான் பையன்களுக்கு உறைக்கிறது. வீட்டில் கெஞ்சி சாவியை வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, சாலை விதிகளும் குறியீடுகளும் பற்றிய சின்னத் தேர்வில் தேறினால் எல்.எல்.ஆர். கிடைக்கும். விண்ணப்பிக்கும்போது 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்ற வகையைத் தேர்வு செய்யுங்கள். அவசரத்தில் கியர் இல்லாத வகையைத் தட்டிவிட்டு, ஓட்டுநர் தேர்வு நாளன்று கியர் வண்டியோடு வந்து நின்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த முப்பது நாளைப் பழகுவதற்கு முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்.எல்.ஆர். காலத்தில் ரோட்டில் ஓட்டும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். உரிமம் உள்ள, பழக்கிவிடுகிற ஒருவர் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. நண்பனை ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போவதெல்லாம் இதில் வராது. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்பா வண்டிதானே என்று யாரும் பார்ப்பதில்லை, அப்பாவும் பார்த்திருக்க மாட்டார்.

3. எந்த வண்டி, எந்த இடம்

லேசான வண்டி. 100 முதல் 125 சி.சி. போதும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, கிளாசிக் 350 என்ற வண்டி 195 கிலோ. நடுவில் இருக்கும் 83 கிலோ என்பது பின்னால் ஒரு முழு ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பழகும்போது வண்டி ஒரு முறையாவது சாயும். சாயும்போது பிடித்து நிறுத்த முடிகிற எடையாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், குதிகால் கொஞ்சம் தூக்கினாலும் பரவாயில்லை.

பழைய வண்டியாக இருந்தால் நல்லது. புது வண்டியில் கீறல் விழுந்துவிடுமே என்ற பயத்திலேயே கை இறுகிவிடும்.

இடத்துக்கு வருவோம். நான் கண்டுபிடித்ததிலேயே சிறந்த இடம் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம்தான். சுற்றுச்சுவர் இருக்கும், தரை இறுகியிருக்கும், ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் காலியாகக் கிடக்கும். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கண்மாய்க்குள் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் வறண்ட கண்மாயில் வெடிப்பும் புழுதியும் இருக்கும், முன்சக்கரம் வழுக்கினால் தவறு உங்களுடையதா தரையுடையதா என்றே தெரியாது. பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமும் வேண்டாம்.

4. உடம்பில் போட வேண்டியது

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டு தலையை வலமும் இடமும் ஆட்டுங்கள். ஹெல்மெட் அசையாமல் தலை மட்டும் உள்ளே திரும்பினால் அது உங்கள் அளவு இல்லை. புதுசாக இருக்கும்போது கன்னத்தைக் கொஞ்சம் அழுத்தத்தான் வேண்டும். பட்டையைப் பூட்டாமல் போட்டால் விழும் வேகத்தில் அது கழன்று தனியாக ஓடிவிடும், அப்புறம் போட்டதில் பிரயோஜனமே இல்லை.

காலுக்கு ஷூ. செருப்போடு வந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவேன். கியர் லிவரை மேலே தூக்கும் வண்டியில் செருப்பு நழுவும், வண்டி சாய்ந்தால் கணுக்கால்தான் முதலில் மாட்டும். முழுக்கால் பேன்ட், கணுக்காலில் தொளதொளவென்று இல்லாமல். துப்பட்டா போடுகிற பெண்கள் இரண்டு முனையையும் இழுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அது செயினிலும் பின்சக்கரத்திலும் சிக்கும்.

சைலன்சர். நான் பழகிய காலத்தில் அரைக்கால் சட்டையோடு வலது பக்கமாக இறங்கி வாங்கிய தழும்பு கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. எப்போதும் இடது பக்கமாக ஏறுங்கள், இடது பக்கமாகவே இறங்குங்கள்.

5. எஞ்சின் ஆஃபில் ஒரு மணி நேரம்

இதை எல்லாரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டாதீர்கள்.

வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, இடது பக்கம் நின்றபடி தள்ளிக்கொண்டு நடங்கள். எட்டு வடிவில் ஒரு சுற்று, இடையிடையே வலது கையால் முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்த வேண்டும். வண்டியின் எடை எந்தக் கோணத்தில் கையை மீறிப் போகிறது என்பது இதில்தான் உடம்புக்குப் புரியும். ஹேண்டில்பாரைத் திருப்பிய நிலையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி சாயும் என்பதையும் நடை வேகத்திலேயே தெரிந்துகொள்வீர்கள்.

அப்புறம் சீட்டில் உட்கார்ந்து, கீழே பார்க்காமல், யாராவது பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் தொட வேண்டும். இடது கையில் கிளட்ச், வலது கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், இடது காலில் கியர், வலது காலில் பின் பிரேக். ஹாரன், இண்டிகேட்டர், ஹைபீம் எல்லாம் இடது கட்டைவிரலுக்கு. வலது பக்கம் சிவப்பாக எஞ்சின் ஆஃப் சுவிட்ச் ஒன்று நிறைய வண்டிகளில் உண்டு. அதை யாரோ தட்டிவிட்டுப் போயிருப்பார்கள், புதியவர் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு "வண்டி ரிப்பேர்" என்று போன் போடுவார்.

சைடு ஸ்டாண்டை எடுப்பதையும் இங்கேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு கீழே இருந்தால் எஞ்சின் ஓடாத வசதி புது வண்டிகள் பலவற்றில் இருக்கிறது, பழைய வண்டியில் இருக்காது. ஸ்டாண்டோடு கிளம்பி இடது பக்கம் திரும்பினால் அது தரையில் தட்டி ஆளைக் கவிழ்த்துவிடும்.

6. இடது கை: கிளட்ச் எங்கே பிடிக்கிறது?

மொத்தத்தில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

கிளட்ச் என்பது எஞ்சினையும் பின்சக்கரத்தையும் பிரித்தும் சேர்த்தும் விடுகிற விஷயம். முழுசாகப் பிடித்தால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டி இழுக்காது. முழுசாக விட்டால் எஞ்சினின் சுழற்சி அப்படியே சக்கரத்துக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வண்டி லேசாக இழுக்கத் தொடங்கும். அந்த இடம் ஒவ்வொரு வண்டியிலும் கொஞ்சம் வேறுபடும், அதை விரல் கண்டுபிடிக்க வேண்டும்.

சமதரையில் ஸ்டார்ட் செய்து கிளட்ச்சை முழுசாகப் பிடித்து முதல் கியர் போடுங்கள். வலது கை ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது, முன் பிரேக் லிவர் மீது இரண்டு விரல் வைத்திருந்தால் போதும். இப்போது கிளட்ச்சை ஒரு நெல் அளவு, ஒரு நெல் அளவு என்று விடுங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும், வண்டி ஓர் அங்குலம் முன்னால் நகரும். உடனே பிடித்துவிடுங்கள், நிற்கும். இதையே முப்பது தடவை. அப்புறம் அந்த இடத்திலேயே விரலை நிறுத்தி, இரண்டு காலாலும் தரையில் நடந்தபடி வண்டியை பத்தடி ஊர விடுங்கள். ஊரும்போதே காலைத் தூக்கி வைக்கிற தைரியம் தானாக வரும், நீங்களாக அவசரப்பட வேண்டாம்.

வண்டி ஆஃப் ஆகும், ஆகட்டும். கிளட்ச்சைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அரைக் கிளட்ச்சிலேயே நெடுநேரம் ஓட்டினால் பிளேட் சூடாகித் தேயும். கருகிய வாடை வந்தால் அன்றைக்கு அதோடு போதும்.

ஆக்சிலேட்டரை முதல் நாளே ஏன் தொடக் கூடாது? அக்கா மகனைப் பழக்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். அவன் அதுவரை ஒரு நண்பனிடம் அரைமணி நேரம் 'கற்றிருந்தான்'. முதல் கியரில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டான். வண்டி முன்னால் பாய்ந்தது, உடம்பு பின்னால் போனது, பின்னால் போகிற உடம்பு விழாமல் இருக்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தது, வலது மணிக்கட்டு தன்னால் கீழே வளைந்தது. அதாவது பயந்துபோய்ப் பிடித்த பிடியே ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிவிட்டது. "மாமா, பிரேக் பிடிக்கல" என்று கத்திக்கொண்டே சுவரோரம் இருந்த மணல் குவியலில் போய் ஏறினான். பிரேக் நன்றாகத்தான் இருந்தது, அவன் அதைத் தொடவே இல்லை.

இதற்கு மருந்து இரண்டு. ஆக்சிலேட்டரைப் பிடிக்கும்போது மணிக்கட்டு விரல் முட்டிகளை விடத் தாழ்ந்து இருக்கட்டும், அப்படிப் பிடித்தால் அதற்கு மேல் அதிகம் திருக முடியாது. மணிக்கட்டைத் தூக்கி மேலேயிருந்து பிடிக்கிறவர்களுக்குத்தான் வண்டி பாயும். இரண்டாவது, எந்தக் குழப்பத்திலும் இடது கை மூட வேண்டும். கிளட்ச் பிடித்த அந்த நொடியே இழுவை அறுந்துவிடும். ஊர்ந்துகொண்டிருக்கும்போது எதிர்பாராமல் "கிளட்ச்" என்று கத்துவேன், உடனே மூட வேண்டும். யோசிக்காமல் மூடுகிற அளவுக்கு வந்த பிறகுதான் ஆக்சிலேட்டரில் கை.

7. நிறுத்துவது

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிரும்" என்ற அறிவுரை எல்லா வீட்டிலும் உண்டு. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் தவறு.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் எல்லாரும் முன்னால் சாய்கிறோம் இல்லையா? பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்கு வரும், முன் டயர் ரோட்டை நன்றாக அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகிவிடும். அதனால் வண்டியை நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவருக்கு வண்டி நிற்க நிறைய தூரம் வேண்டும், பின்சக்கரமும் லாக் ஆகி இழுத்துக்கொண்டு போகும். ஆளைத் தூக்கி எறிவது வெடுக்கென்று பிடிப்பதும், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது பிடிப்பதும், மணல் மேல் பிடிப்பதும்தான்.

வரிசை இதுதான். ஆக்சிலேட்டரை விடுங்கள், பின் பிரேக்கை மிதித்தபடியே முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், வண்டி நிற்கப் போகிற நேரத்தில் கிளட்ச்சைப் பிடியுங்கள், நின்றதும் இடது காலை ஊன்றுங்கள். வலது கால் பிரேக்கில் இருப்பதால்தான் இடது கால். கிளட்ச்சை முதலிலேயே பிடித்துவிட்டால், எஞ்சின் தானாக வேகத்தைக் குறைத்துத் தருகிற உதவி போய்விடும், வண்டி உருண்டுகொண்டே போகும். போன பகுதியில் கத்தியதும் கிளட்ச்சை மூடச் சொன்னது, ஊர்ந்துகொண்டிருக்கும்போது வண்டி பாயாமல் இருக்கத்தான். வேகம் வந்த பிறகு பிரேக்தான் முதலில்.

பயிற்சிக்கு ஒரு செருப்பைக் கழற்றித் தரையில் வையுங்கள் (வீட்டிலிருந்து எடுத்து வந்த பழைய செருப்பு, ஷூவைக் கழற்றாதீர்கள்). 10 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முன்சக்கரம் செருப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்துத் தடவை சரியாக வந்ததும் 20, அப்புறம் 30. செருப்பைத் தாண்டிப் போனால் அங்கே ஒரு ஆள் நின்றிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகும். எதிரில் ஆடு வந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கைத் தேடுவதற்கு ஒரு நொடி ஆனால், பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் போயாச்சு.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டி என்றால் 125 சி.சி. வரை உள்ளவற்றில் பின் பிரேக்கை மிதித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்கும், அதற்கு மேல் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். இருக்கும். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழகுகிற விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

8. கியர்

இது நினைப்பதைவிட எளிது, ஆறாவது பகுதி சரியாக வந்திருந்தால்.

எஞ்சின் கத்தினால் மேல் கியர், திணறினால் கீழ் கியர். ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்ச் பிடித்து, கியரை மாற்றி, கிளட்ச்சை விட்டபடி திரும்ப ஆக்சிலேட்டர். காலைக் குனிந்து பார்க்காதீர்கள், பார்க்கிற நொடியில் வண்டி எங்கேயாவது போயிருக்கும். கியரைக் குறைப்பதற்கு முன் வேகத்தைக் குறைக்க வேண்டும். நான்காவது கியர் வேகத்தில் இரண்டாவதைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் பிடித்து இழுக்கும்.

எல்லா வண்டியிலும் கியர் ஒரே பக்கம் விழாது. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் முன்னால் மிதிக்க மிதிக்கக் கியர் ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும். பல்சர் போன்றவற்றில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் பழகிய கால் பல்சரில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போவதாக நினைத்து மிதித்தால் இரண்டாவது விழும். நண்பன் வண்டியை வாங்கும்போது "கியர் எப்படி?" என்று கேட்காமல் கிளப்பாதீர்கள்.

நின்ற வண்டியில் சில சமயம் கியர் இறங்காது. கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை லேசாக முன்பின் உருட்டிப் பாருங்கள், விழும். உதைக்காதீர்கள். சிக்னலில் நிற்பதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுவதுதான் நல்ல பழக்கம்.

9. திருப்பமும் எட்டும்

கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். குழியையே பார்த்துக்கொண்டு வந்தால் குழியில்தான் இறங்குவீர்கள். திரும்பும்போது வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள், முகவாய் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பிரேக், கியர் எல்லாம் திருப்பத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடச் சொல்லிப் பார்க்கிறார்கள். கால் ஊன்றினால் தேர்வு போச்சு. கோலப்பொடியை எடுத்துப்போய்ப் பெரிய எட்டாக ஒன்று போடுங்கள், ஒவ்வொரு வட்டமும் பன்னிரண்டு தப்படி அகலத்துக்கு இருக்கட்டும். தினம் கொஞ்சம் குறுக்கிக்கொண்டே வாருங்கள்.

முதல் கியர், அரைக் கிளட்ச், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து ஏற்றி இறக்காமல், வேகம் அதிகமானால் பின் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். முன் பிரேக் இங்கே வேண்டாம், காரணம் ஐந்தாவது பகுதியில் பார்த்தோம். முழங்கால் இரண்டும் டாங்கை ஒட்டி இருக்கட்டும். வண்டி உள்ளே சாயும்போது உங்கள் உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும்.

எட்டில் தோற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் பயத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டுவிடுகிறவர்கள், இழுவை போனதும் வண்டி உள்பக்கம் விழப் பார்க்கும், கால் தானாகக் கீழே போய்விடும். சித்தப்பா மகள் மூன்று நாளாக ஒரே இடத்தில் கால் ஊன்றிக்கொண்டிருந்தாள். வட்டத்துக்கு நடுவில் என்னை நிற்கச் சொல்லி, "அண்ணா, உங்க மூஞ்சியவே பாத்துட்டு சுத்துறேன்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது.

10. முதன்முதலாக ரோட்டில்

வெளியே போவதற்கு முன், பழக்கிவிடுகிறவரைப் பின்னால் உட்கார வைத்து மண்டபத்துக்குள்ளேயே ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். பின்னால் ஆள் இருந்தால் முன்பக்கம் லேசாகும், நிற்க அதிக தூரம் எடுக்கும், கால் ஊன்றும்போது எடை இழுக்கும். இதையெல்லாம் ரோட்டில் போய் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போங்கள். டயரில் காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், எவ்வளவு இருக்க வேண்டும் என்று செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

முதல் வாரம் இடது பக்கத் திருப்பம் மட்டுமே உள்ள ஒரு சுற்றுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் இடதில் திரும்பும்போது எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. நாலு தடவை இடதில் திரும்பினால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். வலது பக்கத் திருப்பம் இரண்டாவது வாரத்தில், கண்ணாடியில் பார்த்து, தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு. ஸ்டைலுக்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தால் தயவுசெய்து மாட்டிவிட்டு வாருங்கள். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரை அணையுங்கள், பைக்கில் பெரும்பாலும் அது தானாக அணையாது. வலது இண்டிகேட்டர் மினுங்க நேராகப் போகிற வண்டியை நம்பிப் பின்னால் வருகிறவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

ரோட்டின் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள், மணலும் கண்ணாடிச் சில்லும் அங்கேதான் ஒதுங்கும். கார்களின் இடது சக்கரம் ஓடித் தேய்ந்த தடம் சுத்தமாக இருக்கும், அதில் போங்கள். நிற்கிற காருக்கும் உங்களுக்கும் நடுவில் கதவு திறக்கிற அளவு இடம் விடுங்கள். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இடது பக்கமாகப் புகுந்து போகவே கூடாது, படியிலிருந்து ஆள் இறங்குவார். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் போகும்போது, ஓரத்தில் யாராவது கை காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டினால் ஆட்டோ அந்த இடத்திலேயே நிற்கும், இண்டிகேட்டரெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

கிராமத்துப் பக்கம் போனால் அறுவடை நேரத்தில் கம்பு, உளுந்து, கேழ்வரகுக் கதிரையெல்லாம் ரோட்டிலேயே காயப்போட்டிருப்பார்கள். அது வழுக்கும், சக்கரத்திலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும். வேகத்தை முன்பே குறைத்து, அதன் மேல் பிரேக்கும் பிடிக்காமல் ஹேண்டில்பாரையும் திருப்பாமல் நேராகத் தாண்டுங்கள். ஒரு ஆடு குறுக்கே போனால் பின்னால் இன்னும் நாலு வரும், முதல் ஆடு போனதும் கிளப்பாதீர்கள். நாய் துரத்தினால் காலைத் தூக்காதீர்கள், ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் எதிரில் திடீரென்று முளைக்கும். அதை எட்டுவதற்கு முன்பே பிரேக் பிடித்து, அதன் மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு வேண்டுகோள்: ஓடும்போது கத்தாதீர்கள். சொல்ல வேண்டியதை வண்டி நின்ற பிறகு சொல்லுங்கள்.

11. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டியவை

மழை: வெயில் காலம் முடிந்து முதல் தூறல் விழும்போதுதான் ரோடு ரொம்ப வழுக்கும், கிடந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து குழைந்துவிடும். அரைமணி நேரம் எங்கேயாவது ஒதுங்கி நில்லுங்கள். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடும் இரும்பு மூடிகளும் நனைந்தால் சோப்பு மாதிரி.

இரவு: எதிர் வண்டியின் ஹைபீம் கண்ணைக் கூசினால் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது விளிம்பைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள்.

மலைப்பாதை: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, உரிமம் வாங்கிய வாரமே நண்பர்கள் கூப்பிடத்தான் செய்வார்கள். ஆறு மாதம் கழித்துப் போங்கள். போகும்போது இறக்கத்தில் கிளட்ச்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ இறங்காதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, கீழே வர வரப் பிடிக்காமல் போகும்.

பின்னால் அம்மாவை ஏற்றுவது: உரிமம் வந்த பிறகு, தனியாக ஒரு மாதமாவது ஓட்டிய பிறகு. அம்மாவுக்கும் ஹெல்மெட் உண்டு. ஒரு பக்கமாக உட்காருவார் என்றால் எடை இடது பக்கம் இழுக்கும், கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதற்குத் தயாராக இருங்கள். சேலைக் காப்புக் கம்பியைக் கழற்றி எறிந்திருந்தால் முதலில் அதைத் தேடிப்பிடித்து மாட்டுங்கள்.